ஒத்திகை பார்க்காத வள்ளி

பெரம்பலூர் பாலக்கரைப் பக்கம் ஒரு டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ரோஸ் தாள். மேலே அம்மன் படம், அதன் கீழே கொட்டை எழுத்தில் 'வள்ளி திருமணம்', பங்குனித் திருவிழாவை முன்னிட்டு இரவு பத்து மணிக்கு. அதற்கும் கீழே வட்ட வட்டமாக முகங்கள்: ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட். ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஓர் ஊர். முருகன் புதுக்கோட்டை, வள்ளி மணப்பாறை, நாரதர் காரைக்குடி, பபூன் திண்டுக்கல்.

"இவங்க எல்லாம் ஒரே கம்பெனியா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"கம்பெனியெல்லாம் எந்தக் காலத்துல சார்! ஆளுக்கு ஒரு பஸ்ஸுல வந்து எறங்குவாங்க. மேடையிலதான் ஒருத்தர ஒருத்தர் பாப்பாங்க."

நான் வந்தது வேறு வேலையாக. அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையோரம் காமரசவல்லி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள சிவன் கோயிலில் ஒரு நடிகனுக்கு நிலம் கொடுத்த சோழர் காலக் கல்வெட்டு உண்டு. அதைப் பார்த்துவிட்டு அப்படியே கங்கைகொண்ட சோழபுரம் போய்வர வேண்டும் என்பதுதான் திட்டம். பையில் அமெரிக்க இசை நாடகங்களின் வரலாற்றைச் சொல்லும் தடிமனான புத்தகம் ஒன்று பாதி படித்த நிலையில் கிடந்தது. ரோஸ் தாளைப் பார்த்ததும் நாடகம் நடக்கிற ஊருக்கு எத்தனை மணிக்குக் கடைசி பஸ் என்று விசாரித்து வைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் சொன்னதில் மிகை ஒன்றுமில்லை. இந்த வகைக்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்ற பெயரே அப்படி வந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தஞ்சை கோவிந்தசாமி ராவ் போன்றவர்களின் கம்பெனிகளும், வடக்கிலிருந்து வந்த பார்சி கம்பெனிகளும் தமிழ்நாட்டுக்குத் திரைச்சீலை மேடையைக் காட்டின. அந்த மேடைக்குத் தமிழில் பாட்டும் வசனமும் எழுதி நிரப்பியவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர், 1922இல் புதுச்சேரியில் காலமானார். 1918இல் மதுரையில் சிறுவர்களைச் சேர்த்து அவர் நடத்திய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் பாடம் படித்தார்கள். 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று சொல்வார்கள். கம்பெனி வாழ்க்கையில் அதற்கெல்லாம் அவசியம் இருந்தது. பிறகு நட்சத்திரங்கள் கம்பெனியை விட்டு வெளியே வந்து, ஊர்க்காரர்கள் அழைத்தால் தனித்தனியாகப் போய் 'ஸ்பெஷலாக' நடிக்கத் தொடங்கினார்கள். பேசும்படம் வந்து கம்பெனிகளைத் தின்று தீர்த்த பிறகும் இந்த ஏற்பாடு மட்டும் சாகவில்லை. எல்லோருக்கும் ஒரே பாடம் தெரியும், அது சுவாமிகள் பாடம். அது தெரிந்தால் போதும், யாரும் யாரோடும் எந்த ஊரிலும் நடித்துவிடலாம்.

அமெரிக்காக்காரன் இதைக் கேட்டால் தலையில் கைவைத்துக்கொள்வான். அங்கே இசை நாடகம் என்றாலே ஒத்திகைதான். 1943 மார்ச் 31 அன்று நியூயார்க்கின் செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரில் அரங்கேறிய 'ஓக்லஹோமா!'வை எடுத்துக்கொள்ளுங்கள். ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசை, ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன் பாட்டும் வசனமும். முதலில் நியூ ஹேவன் என்ற சிறு நகரத்தில் வெள்ளோட்டம் விட்டார்கள். அப்போது அதற்குப் பெயர்கூட வேறு. வெட்டினார்கள், ஒட்டினார்கள், பெயரை மாற்றினார்கள். நியூயார்க் வந்த பிறகு ஒரு சொல், ஓர் அடி, ஒரு விளக்கு நகரக் கூடாது. அப்படியே 2,212 காட்சிகள் ஓடியது. நடுவில் நடிகர்கள் மாறினார்கள், நாடகம் மாறவில்லை. கதாநாயகிக்குக் காய்ச்சல் என்றால் அதே பாட்டை அதே இடத்தில் நின்று பாட இன்னொருத்தி தயாராக உட்கார்ந்திருப்பாள்.

பாட்டு எங்கே வர வேண்டும் என்பதில்தான் அவர்கள் தொழில் இருக்கிறது. வசனத்தால் இனிமேல் தாங்க முடியாது என்ற கட்டத்தில் பாட்டு எழ வேண்டும், பாட்டு முடியும்போது கதை ஓர் அடியாவது நகர்ந்திருக்க வேண்டும். 1927இல் வந்த 'ஷோ போட்' அந்த வழியைத் திறந்தது என்பார்கள். அதற்கு முன் கதை ஒரு பக்கம், பாட்டும் ஆட்டமும் ஒரு பக்கம் என்று கிடந்தன. நம் பக்கத்து விமர்சகர்கள் இதைப் படித்துவிட்டு, நம் இசை நாடகம் அந்தக் கட்டத்துக்கு வரவே இல்லை என்று வருத்தப்படுவதுண்டு. எனக்கு அந்த வருத்தம் கிடையாது. காசு வரும் வழி வேறு, அதனால் கலையும் வேறு.

பெரம்பலூரிலிருந்து குன்னம் வழியாக அரியலூருக்குப் பஸ். ஒரு காலத்தில் எல்லாம் திருச்சி மாவட்டம். 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. 2001இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்து, மறு வருஷமே திரும்பச் சேர்ந்து, 2007இல் மறுபடி பிரிந்தது. கோபித்துக்கொண்டு போன மருமகள் மாதிரி என்று பக்கத்து சீட்டுப் பெரியவர் சிரித்தார். இரண்டு புறமும் மக்காச்சோளமும் பருத்தியும் அறுத்து ஓய்ந்த கரிசல் காடு, வெயில் கண்ணைக் குத்தியது.

குன்னத்தில் இறங்கவில்லை, ஜன்னலோடு சரி. ஆனாலும் அந்த ஊரை அப்படி விட்டுவிட முடியாது. உ.வே. சாமிநாதையர் சிறுவனாக அரியலூரிலும் குன்னத்திலும் இருந்தவர். தந்தை வேங்கடசுப்பையர், உடையார்பாளையம் ஜமீன் சங்கீத வித்துவானாக இருந்த கனம் கிருஷ்ணையரின் மாணவர். ஊர் ஊராகப் போய் இராமாயணம் சொல்லிப் பாடிக் குடும்பம் நடத்தினார். ஓர் ஊரில் கதை தொடங்கினால் பல நாள் போகும். பட்டாபிஷேகத்தன்றுதான் சம்மானம் சேரும். அந்தக் காலக் கதைசொல்லிகள் பலருக்குக் கைகொடுத்தது சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனை. கவிராயர் (1711–1779) சொல் கட்டினார், அவரிடம் தமிழ் படித்த சட்டநாதபுரத்துச் சீடர்கள் வேங்கடராமையரும் கோதண்டராமையரும் மெட்டமைத்தார்கள். ஹேமர்ஸ்டைன் பாட்டை எழுதிக் கொடுத்த பிறகு ராட்ஜர்ஸ் மெட்டுப் போட்டதும் இதே முறைதான். அதே ராட்ஜர்ஸ் அதற்கு முன் லாரன்ஸ் ஹார்ட்டோடு வேலை செய்தபோது மெட்டு முதலில், சொல் பிறகு. நம் சினிமாக்காரர்களுக்கு இந்தச் சண்டை நன்றாகத் தெரியும்.

அரியலூரில் சிமெண்ட் லாரிகளுக்கு வழிவிட்டே பாதி நேரம் போய்விடுகிறது. சுண்ணாம்புத் தூசி வேப்பிலையைக்கூட வெள்ளையாக்கி வைத்திருக்கிறது. அங்கிருந்து தெற்கே திருமானூர்ச் சாலை. கொள்ளிடம் நெருங்க நெருங்க மண்ணின் நிறம் மாறி, கரும்பும் நெல்லும் வாழையும் வந்துவிடுகின்றன. காமரசவல்லி அந்தப் பச்சைக்குள் இருக்கிற ஊர்.

கார்கோடேசுவரர் கோயில் சுந்தர சோழன் காலத்துக் கற்றளி. சிவன் நெற்றிக்கண்ணால் எரித்த மன்மதனை, ரதி இங்கே தவமிருந்து மீட்டாள் என்பது தலக் கதை. காவிரிப் பாசன ஊர்களில் மாசி மாதம் காமன் பண்டிகை நடக்கும்போது 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' என்று இரண்டு கோஷ்டி லாவணி பாடி விடிய விடிய மோதும். மன்மதன் எரிந்தானா இல்லையா என்பதுதான் வழக்கு. அந்த வழக்கின் மூலக் கட்சிக்காரி இந்த ஊரில் இருக்கிறாள் என்று நினைக்கச் சிரிப்பாக வந்தது.

நான் தேடி வந்த கல்வெட்டு முதலாம் ராஜேந்திரன் காலத்தது, பதினோராம் நூற்றாண்டின் முற்பாதி. ஊர்ச் சபையார் சாக்கை மாராயன் விக்கிரமசோழன் என்ற கூத்தனுக்கு நிலம் கொடுத்திருக்கிறார்கள். அந்த நிலத்துக்கு நிருத்தபோகம் என்று பெயர். அவன் செய்ய வேண்டியது, மார்கழித் திருவாதிரைக்கும் வைகாசித் திருவாதிரைக்கும் மும்மூன்று முறை சாக்கைக் கூத்து ஆடுவது. சாக்கையர் பழைய குடி. சிலப்பதிகாரத்தில் பறையூர்ச் சாக்கையன் சேரன் செங்குட்டுவன் முன் ஆடுகிறான். கேரளத்தின் சாக்கியார் கூத்து இன்றும் இருக்கிறது.

சாய்ந்த வெயில் சுவரின்மேல் பக்கவாட்டில் விழும்போதுதான் எழுத்து எழுந்து நிற்கும், நடுப்பகலில் கல் வெறும் கல். குருக்கள் பொறுமையாக விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக் காட்டினார். எனக்கு இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் கூடவில்லை, அச்சில் படித்ததை வைத்துத்தான் மீதியை நிரப்பிக்கொண்டேன். "இது நடிகருக்கு எழுதிக் கொடுத்ததுன்னு எங்க தாத்தா சொல்லுவார். ஆனா என்ன கதை ஆடினான்னு இதுல இல்லியே சார்" என்றார் குருக்கள்.

இல்லைதான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டும் இப்படித்தான். இங்கிருந்து கிழக்கே கங்கைகொண்ட சோழபுரத்தில் அரசிருந்த இரண்டாம் ராஜேந்திரன், பெரிய கோயிலின் வைகாசித் திருவிழாவில் 'ராஜராஜேஸ்வர நாடகம்' ஆட ஏற்பாடு செய்தான். ஆடியவன் சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றனான விஜயராஜேந்திர ஆச்சாரியன். அவனுக்கும் அவன் வழியினருக்கும் ஆண்டுக்கு 120 கலம் நெல். திருமுதுகுன்றம் என்றால் விருத்தாசலம், அரியலூரிலிருந்து ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுகிற ஊர். அந்த ஊர்க்காரனோ, அந்த ஊர்ச் சாமி பெயரைத் தாங்கியவனோ, தெரியாது. நாடகத்தில் ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. சம்பளக் கணக்கு மட்டும் ஆயிரம் வருஷமாக அழியாமல் நிற்கிறது. இலக்கியக்காரர்களுக்கு இது துக்கம். எனக்கு என்னவோ, நாடகத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் அந்தக் கணக்கில் இருப்பதாகவே பட்டது. கூலி கொடுப்பவர் கோயிலும் ஊரும். ஆடும் நாள் திருவிழா நாள். பார்க்க வருகிறவன் கையில் டிக்கெட் கிடையாது.

கங்கைகொண்ட சோழபுரத்தில் அதிக நேரம் நிற்கவில்லை. ஆடவல்லான் சிற்பத்தின் காலடியில் தாளம் போட்டு உட்கார்ந்திருக்கும் காரைக்கால் அம்மையாரை மட்டும் பார்த்துவிட்டு, நோட்டீஸில் இருந்த ஊருக்குத் திரும்பினேன்.

இந்த இரண்டு மாவட்டமும் ஓர் இடைவெளியில் இருக்கின்றன. வடக்கே போகப் போகத் தெருக்கூத்து, தெற்கே போகப் போக ஸ்பெஷல் நாடகம். இங்கே ஓர் ஊரில் கூத்து வைத்தால் அடுத்த ஊரில் நாடகம். நான் போன ஊரில் தலைக்கட்டு வரி வசூலித்து நாடகம் வைத்திருந்தார்கள். பந்தல் மேடை கோயிலைப் பார்த்து நின்றது. முதல் பார்வையாளர் அம்மன், அவளுக்கும் மேடைக்கும் நடுவில் மறைக்கிற மாதிரி யாரும் உட்காரவில்லை. ஜனங்கள் பாயும் தலையணையுமாக வந்திருந்தார்கள்.

பத்து மணி என்றால் பதினொன்றுக்கு ஆர்மோனியம் பேசியது. பபூன் வந்து அரை மணி நேரம் தனியாகப் பாடிப் பேசி, பிறகு டான்ஸ்காரப் பெண்ணோடு சேர்ந்து ஒரு மணி நேரம். இந்தப் பகுதியைப் பற்றி மென்று விழுங்குவதில் அர்த்தமில்லை. பாதி ஜோக்கு இரட்டை அர்த்தம், மீதி ஒற்றை அர்த்தம். அந்தப் பெண் சளைக்காமல் பதில் கொடுத்தாள் என்றாலும், அவள்மேல் விழுகிற சொற்களுக்குச் சிரித்த கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது சுகமாக இல்லை. அமெரிக்காவிலும் ஆரம்பம் இப்படித்தான். 1866இல் நியூயார்க்கில் மேடையேறிய 'தி பிளாக் குரூக்'கைத்தான் அங்கே முதல் இசை நாடகம் என்று பலர் சொல்கிறார்கள். அதற்குக் கூட்டம் வந்தது கதைக்காகவா, ஆடிய பெண்களின் கால்களுக்காகவா என்று அன்றைக்கே கேட்டுவிட்டார்கள். முதல் நாள் அது ஐந்தரை மணி நேரம் ஓடியது. பிற்பாடுதான் டிக்கெட் வாங்கியவன் வீட்டுக்குப் போக ரயில் பிடிக்க வேண்டும், மேடைத் தொழிலாளிக்கு ஓவர்டைம் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் வந்து, இரண்டரை மணி நேரமாகச் சுருங்கியது. நம் ஊரில் சுருங்கவில்லை. வரி கொடுத்தவன் விடிகிறவரை கேட்கிறான், கடைசி பஸ் போய்விட்டது, முதல் பஸ் ஐந்து மணிக்கு.

ஒரு மணிக்கு மேல் வள்ளி வந்தாள். மணப்பாறைக்கார அம்மாவுக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும், கூட்டத்துக்கு அது பொருட்டே இல்லை. நுழையும் பாட்டை உச்ச ஸ்தாயியில் எடுத்தார். இந்த உயரம் மைக் இல்லாத காலத்துச் சொத்து. செங்கோட்டை கிட்டப்பாவும் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடியது. இப்போது ஒலிபெருக்கி பனைமரத்தில் கட்டித் தொங்குகிறது, ஆனாலும் கட்டையை யாரும் இறக்கவில்லை. அங்கேயும் மைக் இல்லாமல் தியேட்டரை நிரப்பிய எதல் மெர்மன் என்ற பாடகியைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். மெர்மனும் சுந்தராம்பாளும் 1908இல் பிறந்தவர்கள்.

நாரதர் மேடைக்கு வந்தபோதுதான் ஸ்பெஷல் நாடகத்தின் தொழில் என்ன என்று புரிந்தது. பாட்டு எல்லாம் சுவாமிகள் போட்ட பாட்டு, அது அசையாது. இரண்டு பாட்டுக்கு நடுவில் தர்க்கம். காவல் காக்கிற பெண்ணுக்குக் கல்யாணம் எதற்கு என்று நாரதர் கொக்கி போட, வள்ளி மடக்க, அவர் தேவாரத்தில் ஒன்று எடுக்க, அவள் திருப்புகழில் ஒன்று எடுக்க, முன்னாலே பேசிவைத்துக்கொள்ளாத இரண்டு பேர் முக்கால் மணி நேரம் நின்றார்கள். நாரதர் ஒரு கேள்வி போட்டார். வள்ளிக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஒரு கணம்தான். ஆர்மோனியக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். அடுத்த பாட்டின் ராகத்தில் மூன்று சுரத்தை மெதுவாக இழுத்தார். அவள் உடனே, "சுவாமி, இதற்குப் பதில் பாட்டாகச் சொல்கிறேன்" என்று தாவிவிட்டாள். கூட்டம் கைதட்டியது. வசனம் தாங்காத இடத்தில் பாட்டு எழ வேண்டும் என்ற அந்தப் பெரிய விதியை ஒரு மனிதர் இடது கையால் துருத்தியை அமுக்கிக்கொண்டே நடத்தி வைத்ததைப் பார்த்தேன்.

இந்த ஆர்மோனியத்தை 1940இல் அகில இந்திய வானொலி தடை செய்தது, கமகம் வராத பெட்டி என்று. சபா வித்துவான்களுக்கு இன்றும் அது இளக்காரம். அதையெல்லாம் இந்த மேடையில் வந்து சொல்லிப் பார்க்க வேண்டும். பின்பாட்டு, பிராம்ப்டர், கண்டக்டர் எல்லாம் அங்கே அந்தப் பெட்டிதான்.

இடையிடையே தர்க்கம் நின்றது. யாரோ ஒருவர் ராஜபார்ட்டுக்கு நூறு ரூபாய் அன்பளிப்பு. வள்ளி வில்லை விட்டுவிட்டு மைக்கில் அவர் பெயரையும் பேரப் பிள்ளைகள் பெயரையும் வாசித்து, நீடூழி வாழ்க என்று வாழ்த்திவிட்டுத் திரும்பக் காட்டுக்குள் போனாள். முதல் தடவை எனக்கு எரிச்சலாக இருந்தது. மூன்றாவது தடவைக்குள் பழகிவிட்டது. சாக்கை மாராயனும் ஆடி முடித்ததும் சபையாரைப் பெயர் சொல்லி வாழ்த்தியிருப்பானோ என்னவோ.

வேடன் வந்து, கிழவன் வந்து, யானை வந்து, முருகன் வள்ளிக்கு மாலை போட்டபோது நாலரை. குழந்தைகள் எல்லாம் தூங்கிவிட்டன. கிழவிகள் ஒருத்தியும் தூங்கவில்லை.

கோயில் மண்டபத்தில் கணக்கு நடந்தது. முகத்துப் பவுடரைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டே ஒவ்வொருவராக வந்து அட்வான்ஸ் போக மீதியை வாங்கிக்கொண்டார்கள். வள்ளியும் முருகனும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளாமலே வேறு வேறு பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். அடுத்த நாள் அவளுக்கு அறந்தாங்கிப் பக்கம், அவருக்கு மேலூர். ஊர்ப் பெரியவர் ஒருவர் நாரதரை மட்டும் நிறுத்தி வைத்துக்கொண்டார்.

"போன வருஷம் வந்தவரு தர்க்கத்த ஒன்றரை மணி நேரம் இழுத்தாரு தம்பி. நீங்க முக்கால் மணியில முடிச்சுப்புட்டீங்க. வரி குடுத்தவன் கேக்குறான்ல?"

நாரதர் ஆர்மோனியக்காரரைப் பார்த்தார். ஆர்மோனியக்காரர் பெட்டியின் கொக்கியை மாட்டிக்கொண்டே சொன்னார். "மாமா, ஒன்றரை மணி நேரம் வேணும்னா பபூன கொறைங்க. ரெண்டும் வேணும்னா அஞ்சு மணி பஸ்ஸ ஆறுக்கு மாத்தச் சொல்லுங்க."

பெரியவர் யோசித்தார். பிறகு, அடுத்த வருஷம் பங்குனிக்கு நாரதருக்கு மட்டும் இப்போதே தாம்பூலம் கொடுத்துவிடலாம் என்று ஆளனுப்பி வெற்றிலை பாக்கு வாங்கி வரச் சொன்னார்.